காவடிக் கூடத்துக் கண்ணாடிக் கதவு

தை பிறந்ததும் வடகரப்பதியின் வானம் துறவு பூண்டுவிடும். பொழிந்து கடன் தீர்த்த முகில்கள் எங்கோ சென்று ஒடுங்க, எஞ்சிய நீலம் எவரிடமும் எதுவும் வேண்டாது விரிந்து கிடக்கும். அப்போது கிழக்கிலிருந்து காற்று புறப்படும். வடக்கு மலையும் தெற்கு மலையும் விலகி நின்று வழிவிட்ட கணவாயின் ஊடே, யாரையோ காணப் போகும் அவசரத்தோடு அது மேற்கு நோக்கி ஓடும். பனைகள் அதன்முன் தலை சாய்க்கும். அறுத்து முடித்த சோளக்காடுகள் நாளெல்லாம் பெருமூச்செறியும். புழுதி எழுந்து, வீடு, மாடு, மனிதர் என்னும் வேற்றுமையின்றி எல்லார் நெற்றியிலும் படியும். உலகமே நிலையாமையை ஓதும் அப்பருவத்தில், நிலைத்து நிற்பது யாது என்று நெஞ்சம் தானே தேடத் தொடங்கும்.

நெருக்கடி நிலை வருவதற்கு முந்திய தை மாதத்தில், அவ்வூரில் நிலைத்து நின்றது ஆறுச்சாமியின் கண்ணாடிக் கதவு.

அது நகர வேண்டிய கதவு.

ஆறுச்சாமி தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் ஊர்க் கூட்டத்தின் தலைவர். அவருடைய தந்தை தோளில் சுமந்த காவடிதான் அன்றும் முன்னே செல்வது. அது எழுந்த பின்னரே மற்றக் காவடிகள் எழும். அந்தக் காவடியின் முன் ஏற்றும் விளக்கு தைக்காற்றில் நில்லாமல் அணைந்துகொண்டே இருந்தது. அதற்காகவே அவர் வாசலின் ஓரத்தில் ஒரு கூடம் எழுப்பினார். மூன்று புறமும் சுவர் வைத்து, வாசலைப் பார்த்த நான்காம் புறத்தைத் திறந்து விட்டிருந்தார். அந்தப் புறத்துக்கு என்ன செய்வது என்று எண்ணியிருந்த நாளில், மூணாற்று மலைமேல் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த மைத்துனன் வீட்டுக்கு விருந்துக்குச் சென்றார். அங்கே வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றில், வெளித் தாழ்வாரத்தை நோக்கிய கண்ணாடிக் கதவைக் கண்டார். தோட்டக்காரன் ஒருவன் அதை ஒற்றை விரலால் தள்ள, அது மேகம் போல் ஓசையின்றி நகர்ந்து மூடிக்கொண்டது. வெளியே பேய்க்காற்று. உள்ளே மேசைமேல் இருந்த மெழுகுவர்த்தியின் சுடர் அசையவில்லை. ஆறுச்சாமிக்குக் கண்கள் நிறைந்தன.

பின்னர் அந்த பங்களாவை இடித்தபோது, கதவை வைக்கோலில் பொதிந்து லாரியில் இறக்கிக் கொண்டுவந்தார்.

நல்ல நாள் காத்திருக்காது என்பதால் காவடியை முதலில் கூடத்தில் எழுந்தருளச் செய்துவிட்டார்கள். அதன் பின்னரே எலப்புள்ளியிலிருந்து கொத்தனார் சுவக்கீன் வந்து வெளிப்புறமிருந்து கதவை நிறுத்தினார். தேக்குச் சட்டத்தில் இரண்டு கண்ணாடிகள். இடக் கண்ணாடியின் சட்டத்தில் கட்டைவிரல் பதியும் அளவுக்குச் சிறிய பித்தளைக் குழி ஒன்று இருந்தது. வலக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஆணிகள் வந்த சாக்கின் அடியில் ஒரு பித்தளைக் கைப்பிடி கிடந்தது.

மனை சாஸ்திரம் அறிந்தவர் ஒருவர் கொல்லங்கோட்டிலிருந்து வந்து பார்த்தார். காவடி வலப்புறமாகவே வெளியேற வேண்டும் என்றும், இடப்புறத்தைச் சுவர் என்றே கொள்ள வேண்டும் என்றும் அருளிச் சென்றார். அதன்படி கைப்பிடியை வலக் கண்ணாடியில் முடுக்கினார்கள். இடப்புறத்துப் பித்தளைக் குழி எதற்கு என்பதை ஆறுச்சாமியின் மனைவி நாச்சம்மாள் பார்த்த கணத்திலேயே உணர்ந்துகொண்டாள். செய்தவன் வெள்ளைக்காரனே ஆயினும் பக்திமான். குங்குமம் வைப்பதற்கு இடம் விட்டுச் செய்திருக்கிறான். குழியை அலம்பி, குங்குமத்தால் நிரப்பினாள்.

ஆறுச்சாமி கைப்பிடியைப் பற்றி, முருகனை நினைந்து இழுத்தார். கதவு நகரவில்லை.

உள்ளே காவடி மயிற்பீலியோடு நின்றது. முழுதும் தெரிந்தது. தொடத்தான் முடியவில்லை.

"மலைக்காட்டு மரமுங்க மொதலாளி. ஈரங் குடிச்சு ஊதியிருக்கும். நம்ம காத்து ரெண்டு நாளு அடிச்சா தானா எளகிரும்" என்றார் சுவக்கீன்.

காற்று தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் அது வெறுங்கையோடு வரும் விருந்தாளி அன்று. கிழக்குச் சமவெளியின் புழுதியை எல்லாம் சுமந்து வந்து, கதவு ஓட வேண்டிய கீழ்ப் பள்ளத்தில் வலப்புறமாகவே கொட்டி நிரப்பியது.

ஆறுச்சாமிக்குக் கவலை பிறந்தது. சென்ற கோடையில் அவருடைய கிணறு வற்றியது. ஆழப்படுத்தியபோது பாறை குறுக்கிட்டது. அந்தப் பாறையின்மேல் அமர்ந்துதான், நீர் கண்டால் தந்தையின் காவடியைத் தாமே சுமந்து மலையேறுவதாக அவர் நேர்ந்துகொண்டார். மறுநாளே பாறையின் இடுக்கில் நீர் கசிந்தது. இப்போது கிணறு நிறைந்திருக்கிறது. முருகன் தன் சொல்லைக் காத்துவிட்டான். அவர் சொல்லோ கண்ணாடிக்குள் நின்றது.

"எம்பட காவடிக்குக் கூடமும் இல்ல, கதவும் இல்ல, மச்சான். மாட்டுச் சாளையில நிக்குது. தூக்குனா வந்துரும்" என்றார் கருப்புசாமி. இவர் ஆறுச்சாமியின் தங்கை கணவர். கூட்டத்தில் இரண்டாவது காவடிக்கு உரியவர். முதலாவதாகச் செல்வதில் அவருக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. "சாமி காரியம் நிக்கப்படாது பாருங்க. அதுக்குச் சொன்னேன்."

அச்சொல் ஆறுச்சாமியை வீட்டுக்குள் ஓடச் செய்தது. நல்லெண்ணெய்ச் சொம்போடு வெளிவந்து, வலப்புறப் பள்ளத்தில் தாராளமாக வார்த்தார். எண்ணெய் புழுதியோடு கூடி எள்ளுருண்டைப் பதத்துக்கு வந்தது. மிகுந்தது இடப்புறமாக வழிந்து போயிற்று. அதை எவரும் பொருட்படுத்தவில்லை, அது சுவர்.

குறை எங்கே என்று நாச்சம்மாளுக்குப் புலப்பட்டது. வாசற்படிக்கு மஞ்சள் பூசாமல், கோலம் இடாமல் கதவைத் திறக்க முயன்றால் எந்தத் தெய்வம் இசையும்? அவள் கீழ்ச் சட்டம் முழுவதும் கெட்டியாக மஞ்சள் அப்பினாள். பச்சரிசி மாவால் கோலமிட்டாள். மாவுக்கு எறும்பு வந்தது. எறும்பை விரட்டச் சுவக்கீன் மண்ணெண்ணெய் ஊற்றினார். மண்ணெண்ணெய் வாடையோடு காவடி முன் நிற்பது தகாது என்று நாச்சம்மாள் சாம்பிராணி போட்டாள். அந்தப் புகை எண்ணெய் படிந்த கண்ணாடியில் அப்பிக்கொண்டது. உள்ளே இருந்த காவடி, திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கலாயிற்று.

பின்னர் சுவக்கீன் அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொணர்ந்து பள்ளத்தைக் கழுவினார். அதுகாறும் ஊதாதிருந்த மரம் அப்போது உண்மையாகவே ஊதிற்று.

சுவக்கீன் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். பிறகு கையை இடக் கண்ணாடியின் பக்கம் நீட்டினார்.

"மொதலாளி, நான் வேணா இந்தப் பக்கத்த ஒருக்காத் தள்ளிப் பாக்கட்டுங்களா?"

"அது செவுரு. செவுத்தத் தள்ளிப் பாக்கற ஆள எப்புடிப்பா கொத்தனார்னு சொல்றது?"

சுவக்கீன் கையை இழுத்துக்கொண்டார். தம் தொழிலின்மேல் விழுந்த சொல் அது.

பூசம் நெருங்கிற்று. மஞ்சள் வேட்டி கட்டியவர்கள் வாசலில் கூடத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சோப்புத் தேய்த்தார்கள். விளக்கெண்ணெய் விட்டார்கள். ஒருவர் கதவோடு நயமாகப் பேசியும் பார்த்தார். இறுதியில் கருப்புசாமியின் யோசனைப்படி, ஏர் மாடுகள் இரண்டைப் பூட்டி, வடக்கயிற்றைக் கைப்பிடியில் கட்டினார்கள்.

அடுத்த தோட்டத்து முத்தாத்தாள் வேலிக்கு அப்பால் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இதைப் பார்த்திருந்தாள். ஆறுச்சாமிக்கு அவள் அக்கா முறை. ஆயினும் இரு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. முன்பொரு நாள் அவளுடைய சேவல் வேலி தாண்டி வந்து, நாச்சம்மாள் காயவைத்த கேழ்வரகைச் சீய்த்து நாசமாக்கியது. நாச்சம்மாள் விறகுக் கட்டையை எறிந்தாள். சேவலின் இடக்கால் அன்று முதல் சற்றே நொண்டும். அண்மையில் கீரி ஒன்று புகுந்து முத்தாத்தாளின் கோழிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகிறது என்ற செய்தி வந்தபோது, மனத்துக்குள் எழுந்த மகிழ்ச்சிக்காக நாச்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் உண்டு.

மாடுகளை அதட்டினார்கள். கயிறு விறைத்தது. தேக்குச் சட்டம் முனகியது. "அரோகரா" என்று கூட்டம் முழங்க, கைப்பிடி மட்டும் பெயர்ந்து வந்தது. இழுவை திடீரென்று அற்றுப்போன மாடுகள் வெருண்டு, பித்தளைக் கைப்பிடி பின்னால் துள்ளிக் குதித்து வர, கருப்புசாமியின் கடலைக்காட்டை நெடுக்காக ஒருமுறையும் குறுக்காக ஒருமுறையும் உழுதுவிட்டு நின்றன.

கருப்புசாமி அதன் பின்னர் யோசனை சொல்லவில்லை.

புறப்பாடு மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, இராகு காலம் தொடங்கும் முன். கண்ணாடியை உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் காவடி இருக்கும் இடத்தில் கண்ணாடியை உடைப்பது சகுனத்துக்கு ஆகுமா? அன்று மாலை வீட்டைப் பூட்டிக்கொண்டு, எல்லாரும் மாரியம்மன் கோயிலுக்குப் பூவாக்குக் கேட்கச் சென்றார்கள். வெள்ளைப் பூவும் செவ்வரளியும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் இட்டார்கள். பூசை செய்யும் பண்டாரம் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி. உடைக்கலாம்.

ஆறுச்சாமி அன்றிரவு உண்ணவில்லை. உடைப்பது அம்மன் உத்தரவுதான். ஆயினும் ஓர் அசையாத சுடரைக் காண்பதற்காக அல்லவா அவர் அந்தக் கண்ணாடியை மலையிலிருந்து குழந்தையைப் போல் ஏந்தி வந்தார்?

வெள்ளி விடிந்தது. கடப்பாரையைத் தொட்டுக் கும்பிட்டுக் கையில் எடுத்தபோது, கூடத்துக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது.

கொக்கரக்கோ.

ஆறுச்சாமி கடப்பாரையைக் கீழே விட்டார். எல்லாரும் கண்ணாடியில் முகம் பதித்து நோக்கினார்கள். மஞ்சளும் புகையும் எண்ணெயும் படிந்த மங்கலுக்கு அப்பால், காவடியின் வளைவின்மேல், பீலிகளுக்கு நடுவே, செங்கொண்டை சிலிர்க்க ஒரு சேவல் வீற்றிருந்தது.

பூட்டிய கூடம். மூன்று புறம் சுவர். முன்புறம் மனிதராலும் மாட்டாலும் அசையாத கதவு. முருகன் கொடியில் உள்ள சேவல்.

முதலில் விழுந்து வணங்கியவர் பண்டாரம். பின்னர் வாசல் முழுவதும் வணங்கிற்று. செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் சைக்கிளிலும் வண்டியிலும் வந்தார்கள். நாச்சம்மாள் தேங்காய் உடைத்தாள், சூடம் காட்டினாள். சேவல் காவடியிலிருந்து இறங்கி, கண்ணாடிக்கு வெளியே இருந்த தாம்பாளத்துப் பச்சரிசியை நோக்கி நடந்தது. அதைப் பார்த்த அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏனுங்க, சாமி எடதுகால நொண்டுற மாதிரி இருக்குதுங்களே. எங்கியோ பாத்த மாதிரியும் இருக்குது."

"தெய்வம்னா அப்பிடித்தான் அம்மிணி. பாத்த மாதிரியே இருக்கும்" என்றார் பண்டாரம்.

அவள் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆனால் பொழுது ஏறிக்கொண்டிருந்தது. இராகு காலம் நெருங்கியது. ஆறுச்சாமி கடப்பாரையைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார். கருப்புசாமி, தம் கடலைக்காட்டையும் மறந்து, உண்மையாகவே கலங்கிப் போனார்.

"மச்சான், ஆத்தா ஒடைக்கச் சொல்றா. மகன் உள்ள வந்து உக்காந்துக்கிட்டு வேண்டாங்கறான். தாய்க்கும் மகனுக்கும் நடுவுல நாம என்னத்தச் சொல்றது?"

தாயின் சொல்லா, மகனின் குறிப்பா, எது மேல் என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழக்காடத் தொடங்கியது.

ஆறுச்சாமி வாசல் நடுவே அமர்ந்துவிட்டார். அவர் குரல் அடங்கி வந்தது.

"ஆத்தாவும் மகனும் எதையாச்சும் பேசி முடிச்சுக்கட்டும். எனக்கு எங்கப்பன் காவடி வேணும். கெணத்துல தண்ணி நெறஞ்சு நிக்குது. அதுல எம் மூஞ்சியப் பாக்க முடியல."

காற்று வந்து, அவர் நெற்றியில் இன்னும் கொஞ்சம் புழுதியைப் பூசிவிட்டுப் போயிற்று.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். முத்தாத்தாள். வேலந்தாவளத்தில் முட்டை விற்றுவிட்டு நேரே வந்திருந்தாள். வெறுங்கூடை இடுப்பில் இருந்தது. எல்லார் கண்ணெதிரே இந்த வாசலில் அவள் கால் வைத்து நெடுங்காலம் ஆயிற்று. எவர் முகத்தையும் பாராமல், கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியின் இடப்புறத்தில் போய் நின்றாள்.

"அது செவுரு" என்று நாலைந்து பேர் ஒருசேரச் சொன்னார்கள்.

முத்தாத்தாள் நடுவிரலைப் பித்தளைக் குழியில் தோய்த்துக் குங்குமம் எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். அதே விரலை மீண்டும் குழியில் வைத்தாள். மெல்ல ஒருபுறமாகத் தள்ளினாள்.

வழிந்தோடிய நல்லெண்ணெயில் ஊறிக் கிடந்த இடப்புறக் கண்ணாடி, மேகம் போல் ஓசையின்றி நகர்ந்து வழிவிட்டது.

"அரோகரா" என்றார் பண்டாரம். சுவர் திறந்ததைக் கண்டவர்கள் மறுபடியும் தரையில் விழுந்தார்கள். ஆறுச்சாமி மட்டும் எழுந்து நின்றார். அவர் கண்முன் மலைமேல் இருந்த பங்களாவும், தோட்டக்காரனின் ஒற்றை விரலும் தோன்றின.

முத்தாத்தாள் வலக்கால் எடுத்து வைத்து உள்ளே சென்றாள். காற்று கூடவே நுழைவதைக் கண்டு, திரும்பி, கண்ணாடியை இழுத்து மூடினாள். உள்ளே காவடியின் முன், எண்ணெய் இருந்தும் நாட்கணக்கில் ஏற்றுவார் இன்றிக் குளிர்ந்து கிடந்த விளக்கு அவள் கண்ணில் பட்டது. அருகே கிடந்த தீப்பெட்டியை எடுத்து, திரியைத் தூண்டி, ஏற்றினாள். இரு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் எதையோ சொல்லின, வெளியே கேட்கவில்லை.

வாசலில் பனையோலைகள் ஒன்றோடொன்று அறைந்துகொள்ளும் காற்று. கண்ணாடிக்கு அப்பால் சுடர் எழுந்து நின்றது. அசையவில்லை. ஆறுச்சாமி அதையே பார்த்திருந்தார். அவர் கைகள் தாமாகக் குவிந்தன.

வணங்கி முடித்த முத்தாத்தாள், சேவலை அள்ளி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே வந்தாள். வந்ததும் மறவாமல் இழுத்துச் சாத்தினாள். சேவலின் நொண்டிக் கால் நாச்சம்மாளின் முகத்துக்கு நேரே ஆடியது. நாச்சம்மாள் அதைப் பார்த்தாள். தன் கையிலிருந்த சூடத் தட்டைப் பார்த்தாள். பிறகு, கேழ்வரகு சிதறிய நாளுக்குப் பின் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"வாங்கக்கா" என்றாள்.

"கீரிக்குப் பயந்துக்கிட்டு நேத்துப் பொழுதோட அடைச்சேன் அம்மிணி. ஊட்டுல யாரும் இல்ல, கேக்க முடியல. கும்பிட்டுப் பொட்டு வெக்கலாம்னு கைய வெச்சனா, தானா நகந்துது. இந்த ஊட்டுல இந்தப் பக்கம் யாரும் பொழங்கறதே இல்லியேன்னு, ஒரு ராத்திரிக்கு உள்ள உட்டுட்டுப் போனேன்" என்றாள் முத்தாத்தாள்.

சுவக்கீன் கொத்தனார் மெதுவாக வலக் கண்ணாடியின் அருகே சென்று குனிந்து பார்த்தார். மஞ்சளும் மாவும் எண்ணெயும் இறுகிப் போயிருந்த அடிச்சட்டத்தைச் சுரண்டினார். மரத்தோடு மரமாக இறக்கிய பழைய திருகாணிகள், வரிசையாகப் பல்லைக் காட்டின.

ஆறுச்சாமி தலை குனிந்து முத்தாத்தாளின் முன் வந்து நின்றார். அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். சேவலை மறு அக்குளுக்கு மாற்றினாள். குங்குமம் ஒட்டியிருந்த நடுவிரலை நீட்டி, அவர் நெற்றியின் புழுதியைத் துடைத்து, அந்த இடத்தில் பொட்டு வைத்தாள்.

"செவுத்துக்கு மஞ்சப் பூசி, கைப்புடி வெச்சு, மாடு கட்டி இழுத்தவன் நீ. இத்தன பக்தி எவனுக்கு வரும்? ஒரு கொறையுமில்லாம நல்லா இருப்ப தம்பி, போயிட்டு வா."